கோழிக்குப் போடும் எண்ணெய் ஊசி

முட்டையைக் கையிலெடுத்து, “இதற்குள் ஊசி மருந்து ஏதாவது தங்கியிருக்குமோ?” என்று ஐயுறும் இல்லத்தரசிகளும், “இத்தனை பணம் செலவழித்து ஊசி போட்ட பிறகும் நோய் எட்டிப் பார்க்கிறதே, இதனால் என்ன பிரயோஜனம்?” என்று மனம் சலிக்கும் பண்ணைக்காரர்களும் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள். இவ்விரு சந்தேகங்களும் வெவ்வேறு திசைகளிலிருந்து எழுந்தாலும் ஒரே பொருளைப் பற்றியவை: கொல்லப்பட்ட கிருமியை எண்ணெயில் கலந்து கோழியின் கழுத்திலோ மார்பிலோ செலுத்தும் தடுப்பூசி. அதைப் பண்ணைகளில் ‘கில்டு வேக்சின்’ என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். அதன் பலம் எதனால் உண்டாகிறதோ அதனாலேயே அதன் தீங்கும் உண்டாகிறது என்பதை விளங்கிக்கொண்டால், மேற்சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் நேர்மையான பதில் கிடைத்துவிடும்.

இந்த ஊசி எந்த நோயை முதன்மையாகக் கருதி வளர்ந்ததோ அந்த நோயின் வரலாற்றைச் சிறிது சொல்லியாக வேண்டும். 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தின் அருகிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கோழிகளைக் கூட்டங்கூட்டமாக மாய்த்த ஒரு வியாதி, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் குமாவூன் மலைப்பிரதேசத்து ராணிக்கெட்டிலும் தென்பட, எட்வர்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1928-இல் அதனை வர்ணித்தார். பிற நாட்டார் நியூகாஸில் நோய் என்றும் நம் நாட்டார் ராணிக்கெட் நோய் என்றும் குறிப்பிடும் இதுவே நம் கிராமத்துப் பெண்கள் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லி அஞ்சும் நோய். எதிர்ப்புச் சக்தி சிறிதும் இல்லாத ஒரு கொட்டகையில் இதன் கொடிய வகை நுழையுமானால், நேற்று மாலை இரை பொறுக்கிக்கொண்டிருந்த பறவைகள் இன்று இறக்கை தொங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு விழுவதையும், சில தினங்களுக்குள் நூற்றுக்கு நூறுமே மடிந்துபோவதையும் காணலாம். மருந்து கொடுத்துத் தீர்க்கக்கூடிய வியாதியன்று. வராமல் தடுப்பது ஒன்றே வழி.

அந்த வழியைத் தேடியவர்களுள் ஓர் இந்தியரும் முன்னணியில் இருந்தார் என்பது நாம் நினைவில் வைக்கத்தக்க விஷயம். எஸ். ஜி. அய்யர் என்ற கால்நடை விஞ்ஞானி, டாப்ஸன் என்ற ஆங்கிலேயருடன் சேர்ந்து, கொடிய வைரஸைக் கருவுற்ற கோழி முட்டைகளில் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் வீரியத்தைத் தணிக்கலாம் என்பதை 1940-இல் வெளியிட்டார். அந்த மார்க்கத்திலேயே முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹாடோவும் இத்னானியும் 1946-இல் உருவாக்கி அறிவித்த தடுப்பு வைரஸ்தான் ஆர்-2-பி என்ற பெயரில் இன்றளவும் நம் நாட்டுக் கோழிகளைக் காத்துவருகிறது. இளங்குஞ்சுகள் அதனைத் தாங்கமாட்டா என்பதால், அவற்றுக்கு இன்னும் சாந்தமான எஃப், லசோட்டா போன்ற வகைகளைக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விட்டும், குடிநீரில் கலந்தும் கொடுக்கிறார்கள்.

உயிருள்ள இந்தத் தடுப்பு மருந்துகள் மலிவானவை, விரைவில் பலன் தருபவை. ஆனால் அவற்றுக்கு இரண்டு பெரிய குறைகள் உண்டு. தாய்க்கோழி மஞ்சள் கருவின் வழியாகக் குஞ்சுக்குக் கொடுத்தனுப்பும் எதிர்ப்புப் பொருள், பகைக் கிருமி எது, மருந்துக் கிருமி எது என்று பேதம் பாராமல் இரண்டையும் அழித்துவிடும் என்பது ஒன்று. பெற்ற பாதுகாப்பு நெடுநாள் நிற்பதில்லை என்பது மற்றொன்று. கறிக்கோழி ஆறு வாரத்தில் விற்பனைக்குப் போய்விடுகிறது. ஆனால் பதினெட்டு வார வயதில் முட்டையிடத் தொடங்கி எழுபது வாரங்களுக்கு மேலும் கூண்டில் வாழவேண்டிய முட்டைக்கோழிக்கு, அத்தனை காலத்துக்கும் துணைநிற்கும் ஒரு பாதுகாப்பு வேண்டாமா? அந்தத் தேவையைப் பூர்த்தி செய்யத்தான் எண்ணெய் வந்தது.

தடுப்பு மருந்தோடு எண்ணெயைச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் கோழிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் பிறந்ததன்று. 1916-இல் பிரான்ஸ் தேசத்தில் லெ முவாஞிக், பினுவா என்ற இருவர், கொல்லப்பட்ட கிருமிகளை எண்ணெய்க் கலவையில் செலுத்தினால் நல்ல பலன் கிடைக்கிறது என்று கண்டார்கள். அதன் காரணத்தை நோக்கி ஓர் அடி வைத்தவர் அதே நாட்டைச் சேர்ந்த காஸ்தோன் ராமோன். தொண்டை அடைப்பான் நோய்க்கு முறி மருந்து எடுப்பதற்காக அவர் குதிரைகளுக்குக் கிருமியின் நஞ்சைச் சிறுகச் சிறுகச் செலுத்திவந்தார். ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டிய குதிரைகளின் இரத்தத்தில், அவ்வாறு வீங்காத குதிரைகளைக் காட்டிலும் எதிர்ப்புப் பொருள் மிகுதியாக இருப்பதை அவர் கவனித்தார். வேறொருவராயிருந்தால் அதைத் தற்செயல் என்று தள்ளியிருக்கக்கூடும். அவரோ மரவள்ளி மாவைப் போன்ற சாதாரணப் பொருள்களை நஞ்சோடு கலந்து, வீக்கத்தைத் தாமே வேண்டுமென்று உண்டாக்கி, அதனால் எதிர்ப்புப் பொருள் பெருகுவதை 1925-இல் நிரூபித்துக் காட்டினார். சரீரம் ஓரிடத்தில் சிறிது வருந்தினால்தான் சரீரம் முழுவதும் விழித்துக்கொள்கிறது என்ற இந்த உண்மை, பின்னால் நாம் பேசப்போகும் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த ஜூல்ஸ் ஃப்ராயிண்ட் 1930-களிலும் 40-களிலும் செய்த ஆராய்ச்சி இதனை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. நீரில் கரைந்த மருந்தைக் கனிம எண்ணெய்க்குள் நுண்ணிய திவலைகளாகச் சிதறவிட்டு, அத்துடன் கொல்லப்பட்ட காசநோய்க் கிருமியையும் சேர்த்து அவர் செய்த கலவைக்கு ஈடான தூண்டுகோல் அன்று வேறில்லை; அது உண்டாக்கிய புண்களுக்கும் ஈடில்லை. காசக் கிருமியை விலக்கி எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்ட சாதுவான கலவை 1950-களில் மனிதருக்குப் போடும் இன்ஃப்ளுயன்ஸா தடுப்பூசியிலும் பரீட்சிக்கப்பட்டது. பலன் சிறப்பாகவே இருந்தபோதிலும், சிலருக்கு ஊசியிட்ட இடத்தில் கிருமியற்ற கட்டிகள் கிளம்பின. ஒருவகைச் சுண்டெலிகளின் வயிற்றறைக்குள் இவ்வெண்ணெயைச் செலுத்தியபோது புற்றுக்கட்டிகள் தோன்றியதும் 1962-இல் தெரியவந்தது. மனிதருக்கு அதை உபயோகிக்கும் முயற்சி ஏறக்குறைய அத்துடன் நின்றது. மனிதனுக்கு வேண்டாமென்று ஒதுக்கப்பட்டது கோழிக்கு ஏன் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று கேட்பது நியாயமே. கோழியின் ஆயுள் குறுகியது. நோய் வந்தால் அதற்கு நேர்வது நிச்சயமான மரணம். ஊசியால் நேர்வதோ பெரும்பாலும் ஒரு சிறு தடிப்பு. இந்தத் தாரதம்மியத்தைக் கணக்கிட்டே அந்த முடிவு எடுக்கப்பட்டது. அது சரியான முடிவென்றே நான் கருதுகிறேன்.

குப்பிக்குள் இருப்பது என்ன? கருவுற்ற முட்டைகளில் வைரஸை வளர்த்து, அந்தத் திரவத்தை எடுத்து, ஃபார்மலின் போன்ற இரசாயனத்தால் வைரஸைக் கொன்று, அது உண்மையிலேயே செத்துவிட்டதா என்பதை மறுபடியும் கருவுற்ற முட்டைகளில் செலுத்திச் சோதிக்கிறார்கள். ஒரு துளி உயிர் எஞ்சியிருந்தாலும் முட்டைக்குள் அது பெருகித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னர், சுத்திகரிக்கப்பட்ட வெண்ணிறக் கனிம எண்ணெயையும், எண்ணெயும் நீரும் பிரியாதபடி பிணைத்துவைக்கும் பொருள்களையும் சேர்த்துக் கடைகிறார்கள். பாலில் நீருக்குள் கொழுப்புத் திவலைகள் மிதக்கின்றன, வெண்ணெயிலோ கொழுப்புக்குள் நீர்த்திவலைகள் சிறைப்பட்டிருக்கின்றன அல்லவா? இந்த ஊசி மருந்து வெண்ணெயின் ஜாதியைச் சேர்ந்தது. சரியாகக் கடையப்பட்டதா என்பதை அறிய ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரின்மேல் விட்டுப் பார்ப்பார்கள். கரையாமல் முத்துப்போல் நின்றால் கலவை செம்மையானது, பால்போல் பரவிவிட்டால் பழுதானது. இரட்டிப்பு அளவை ஊசியிட்டுப் பறவைகளுக்குக் கேடில்லை என்று பார்ப்பதும் உண்டு. ஆற்றலுக்கோ இன்னும் கடுமையான பரீட்சை: ஊசி போட்ட கோழிகளுக்குக் கொடிய வைரஸையே செலுத்தி, ஒரு முழு அளவில் பாதிப் பறவைகளைக் காக்கக்கூடிய அளவு ஐம்பது மடங்காவது அடங்கியிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து நூல் விதிக்கிறது.

இவ்வாறு தயாரான மருந்து கோழியின் தோலுக்கடியில் போய்ச் சேர்ந்ததும், எண்ணெயின் சிறையிலிருந்து திவலைகள் ஒரேயடியாக விடுபடாமல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படுகின்றன. அந்நியப் பொருளாகிய எண்ணெயைக் கண்டு கிளர்ந்தெழும் இரத்த அணுக்கள் அவ்விடத்தில் குழுமி, வெளிப்படும் ஒவ்வொரு துளியையும் விழுங்கி, மண்ணீரல் போன்ற உறுப்புகளுக்கு எடுத்துச் செல்கின்றன. அதனால் எதிர்ப்புப் பொருள் மெதுவாக ஏறி, நாலைந்து வாரங்களில் உச்சத்தை எட்டி, பல மாதங்கள் இறங்காமல் நிற்கிறது. தாய்வழி வந்த எதிர்ப்புச் சக்தியும் இதை முழுமையாகக் கெடுத்துவிட முடிவதில்லை. முதல் துளிகளை அது அழித்தாலும் பின்னால் வரும் துளிகள் வேலையைச் செய்துவிடும்.

எனினும் இந்த ஊசி தனியாக நின்று பெருமை அடைவதில்லை என்பதைப் பண்ணைக்காரர்கள் மறந்துவிடலாகாது. குஞ்சுப் பருவத்திலும் வளரும் பருவத்திலும் உயிருள்ள தடுப்பு மருந்தைக் கொடுத்து உடலுக்குப் பகைவனை அறிமுகம் செய்துவைத்த பிறகு, முட்டையிடத் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் எண்ணெய் ஊசியைப் போட்டால் கிடைக்கும் பாதுகாப்பின் உயரமும் நீளமும், அறிமுகமே இல்லாத பறவைக்கு நேரே போடும்போது கிடைப்பதில்லை. “ஊசி போட்டும் டைட்டர் ஏறவில்லையே” என்று, எதிர்ப்புப் பொருளின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர்களின் குறை பல சமயங்களில் குப்பியில் இல்லை. குடிநீரில் லசோட்டா கலந்த அன்று அந்த நீரில் உயிருள்ள மருந்தைக் கொன்றுவிடும் குளோரின் இருந்ததா என்பதில் இருக்கிறது.

ராணிக்கெட்டுக்கு மட்டுமின்றி வேறு பல நோய்களுக்கும் இதே முறை கையாளப்படுகிறது. அவற்றுள் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1976-இல் நெதர்லாந்து நாட்டில், நோயின் வேறு அடையாளம் எதுவுமின்றிக் கோழிகள் திடீரென்று ஓடில்லாத தோல்முட்டைகளையும் நிறம் வெளுத்த முட்டைகளையும் இடத் தொடங்கின. வாத்துகளில் இயல்பாக வாழும் ஒரு வைரஸே இதற்குக் காரணம் என்று தெரிந்தது. வாத்தின் உயிரணுக்களில் வளர்க்கப்பட்ட ஏதோ ஒரு தடுப்பு மருந்தின் வழியாகவே அது கோழிகளிடம் வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். அதனை அடக்கியது பதினான்கு முதல் பதினாறு வார வயதில் போடப்படும் எண்ணெய்த் தடுப்பூசி. இனப்பெருக்கத்துக்காக வளர்க்கும் தாய்க்கோழிகளுக்குக் இளங்குஞ்சுகளைத் தாக்கும் கம்போரோ நோய்க்கெதிரான எண்ணெய் ஊசியைப் போடுவதோ அக்கோழிகளுக்காக அன்று. மஞ்சள் கருவின் வழியாக அவற்றின் எதிர்ப்புப் பொருளைப் பெற்றுப் பிறக்கப்போகும் குஞ்சுகளின் முதல் சில வாரங்களுக்காக.

இத்தனை சிறப்புச் சொல்லிய பிறகு, இதன் எல்லையையும் சொல்லவேண்டும். எண்ணெய் ஊசி இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை நிரப்புகிறது. மூச்சுக்குழலின் ஈரப்பரப்பிலும் கண்ணோரச் சுரப்பியிலும் அவ்வளவாக நிரப்புவதில்லை. ஆகவே கிருமி மூக்கின் வழியே உள்ளே வந்து சிறிது பெருகி, கோழி நோயின்றி நிமிர்ந்து நிற்கும்போதே அதன் எச்சத்திலும் சளியிலும் வெளியேறி அடுத்த கூண்டுக்குப் போகக்கூடும். தடுப்பூசியில் உள்ள வைரஸ் வகையும் இன்று நாட்டில் சுற்றித் திரியும் வகையும் வம்சாவளியில் விலகியிருந்தால், சாவு தடுக்கப்பட்டபோதிலும் கிருமி வெளியேறுவது அதிகமாக இருக்கிறது என்பதும் பரிசோதனைகளில் கண்ட உண்மை. லசோட்டா பிறந்தது 1940-களின் அமெரிக்காவில். இன்று ஆசியாவில் காணும் வைரஸ்களோ வேறு கிளைகளைச் சேர்ந்தவை. ஆதலால், ஊசி போட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையில் பண்ணையின் வாசலைத் திறந்துபோடுவதும், கண்ட வண்டியையும் கண்ட முட்டை அட்டையையும் உள்ளே அனுமதிப்பதும் மடமை.

இந்தப் பலமும் எல்லையும் பெரிய அளவில் எவ்வாறு வெளிப்படும் என்பதற்குப் பறவைக் காய்ச்சல் இரண்டு உதாரணங்களைத் தருகிறது. சீனாவில் 2013 முதல் மனிதரையும் பற்றத் தொடங்கிய எச்-7-என்-9 வைரஸ் 2016-17 பருவத்தில் மட்டும் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. 2017-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நாடெங்கும் கோழிகளுக்கு அவ்வைரஸையும் சேர்த்த எண்ணெய்த் தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகு, மனிதரிடையே காணப்பட்ட நோயாளிகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவுக்குக் குறைந்துபோனார்கள். எகிப்திலோ ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டும் எச்-5-என்-1 ஒழியவில்லை. எல்லாப் பறவைகளையும் எட்டாத ஊசியும், மாறிக்கொண்டே போன வைரஸும், கண்காணிப்பின் போதாமையும் அங்கே கூட்டுச் சேர்ந்துகொண்டன. கொடிய பறவைக் காய்ச்சல் தோன்றினால் தடுப்பூசியை நாடாமல், நோய் கண்ட வட்டாரத்துப் பறவைகளை அழித்துவிடுவது என்ற கொள்கையை இந்தியா இதுகாறும் பின்பற்றிவந்திருப்பதன் பின்னணியில், வெளிப்படையாகத் தெரியாத பரவலைக் குறித்த இந்த அச்சம் பெரிதும் இருக்கிறது.

இனி அபாயத்தின் பக்கம் வருவோம். பறவைக்கு நேரும் தீங்கு பெரும்பாலும் கையின் குற்றம். கழுத்தின் பின்புறத்துக் கீழ்ப்பாதியில் தோலைத் தூக்கிப் பிடித்து, ஊசிமுனை தலையை நோக்காமல் உடலை நோக்கியிருக்கும்படி அரை மில்லி மருந்தைச் செலுத்துவதுதான் முறை. தலைக்கருகில் போட்டால் முகம் உப்பிக் கண் மூடிப்போகிறது. முதுகெலும்பைத் தீண்டினால் கழுத்து கோணுகிறது. தொடையில் போட்டால் நொண்டுகிறது. மார்பில் ஆழமாகப் பாய்ச்சினால் ஈரலைத் துளைத்து உயிரையே வாங்கிவிடுகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கெட்டியான மருந்தை ஏற்றுவதும், மழுங்கிய, அழுக்கேறிய ஊசியையே நாள் முழுதும் மாற்றாமல் குத்துவதும் வீக்கத்தைப் பெரிதாக்குகின்றன. மருந்தை இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் வைக்கவேண்டும். ஆனால் உறையவிட்டால் எண்ணெயும் நீரும் பிரிந்து, குப்பியிலிருப்பது மருந்தாக இராது. முட்டையிடும் பருவத்தில் பிடித்துப் போட்டால் இரை குறைந்து முட்டையும் சில நாள் குறையும் என்பதாலேயே அதற்கு முன்பே போட்டுவிடுகிறார்கள்.

உண்பவருக்கு ஆபத்துண்டா? செத்த வைரஸ் முட்டைக்குள் பெருகாது. ராணிக்கெட் வைரஸ் உயிரோடிருந்தால்கூட, அதைக் கையாளுபவரின் கண்ணைச் சிவக்கச் செய்வதற்கு மேல் மனிதனை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. எண்ணெய், ஊசியிட்ட இடத்திலேயே நெடுநாள் தங்கிச் சிறு முடிச்சாக நிற்பதுண்டு என்பதால், ஊசி போட்ட பறவையைக் குறிப்பிட்ட காலம் கழியுமுன் இறைச்சிக்கு அறுக்கலாகாது என்று விதி இருக்கிறது. அமெரிக்காவில் அது பொதுவாக 42 நாள். நம் முட்டைக்கோழிகள் ஊசி போட்டு ஓராண்டு கழித்தே இறைச்சிக்குப் போகின்றன. முட்டை வாங்குபவர் இதுபற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. கனிம எண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெய்களையும் விலங்குக் கொழுப்பெண்ணெய்களையும் கொண்டு, திசுவைக் குறைவாக வருத்தும் ஊசியை உண்டாக்க அமெரிக்காவில் ஸ்டோன் என்பவர் செய்த ஆராய்ச்சி 1997-இல் வெளிவந்தது. அந்தத் திசையில் முயற்சிகள் தொடர்கின்றன.

உண்மையான ஆபத்து உண்பவருக்கு அன்று, ஊசி போடுபவருக்கு. ஒரு கொட்டகைக்குப் பல்லாயிரம் பறவைகள். கூண்டிலிருந்து ஒருவர் பிடித்து நீட்ட, மற்றொருவர் தானியங்கி ஊசியால் குத்திக்கொண்டே போகும் வேகத்தில், கோழி திமிறினால் ஊசி விரலுக்குள் இறங்கிவிடுகிறது. இரத்தம் ஒரு சொட்டு வரும், வலியும் முதலில் பொறுக்கத்தக்கதாகவே இருக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு அந்த ஏழைத் தொழிலாளி வேலையைத் தொடர்வார். ஆனால் உள்ளே புகுந்த கனிம எண்ணெய், மனித உடலும் கோழியின் உடலைப் போலவே அதைப் பகைத்துக் கிளர்வதால், விரலின் குறுகிய இடத்துக்குள் கடும் வீக்கத்தை உண்டாக்கி, இரத்த ஓட்டத்தை நெரித்து, சில மணி நேரத்துக்குள் திசுவைச் சாகடிக்கத் தொடங்குகிறது; தாமதித்தால் விரலையே இழக்க நேரும். மிகச் சிறிய அளவு உள்ளே போயிருந்தாலும் இது உண்மை. மஞ்சள் பற்றுப் போடுவதோ டெட்டனஸ் ஊசியோடு வீட்டுக்கு அனுப்புவதோ இதற்குப் பரிகாரமன்று. உடனடியாக அறுவை மருத்துவரிடம் போய், அவர் தேவையென்று கண்டால் அவ்விடத்தைக் கீறித் திறந்து கழுவ வேண்டும், முக்கியமாக விரல் நுனியின் சதையிலோ தசைநாணிலோ மருந்து இறங்கியிருக்கும்போது. ஐரோப்பாவில் விற்கும் குப்பிகளின் சீட்டில் இந்த எச்சரிக்கை போடுபவருக்கு ஒன்றும், அவரைப் பார்க்கும் மருத்துவருக்கு ஒன்றுமாகத் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கிறது. நம் பண்ணைகளில் மருந்துக் குப்பி திறக்கும் இடத்திலேயே அது தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும். விரலில் குத்திக்கொண்டவர் வலி இல்லையென்று சொன்னாலும், குப்பியின் சீட்டை அவர் கையில் கொடுத்து, அன்றைய கூலியைப் பிடிக்காமல், பண்ணை வண்டியிலேயே மருத்துவமனைக்கு அனுப்பிவைக்க வேண்டும். அங்கே அவர் முதலில் சொல்ல வேண்டியது, உள்ளே போனது எண்ணெய் மருந்து என்பதை.